நம் குலச் சிறுவரும் அரசாங்கப் பாடசாலையும்

(குலாலர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபையின் முன் வைக்கப்பட்டிருக்கும் தீர்மானங்களுள் ஒன்று, நம் சங்கத்தின் கட்டட நிதியை எடுத்து நம் குலத்துச் சிறுவர்க்கென ஆங்கிலவழித் தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பதாகும். அதனைக் கொண்டுவந்த அன்பர்களின் நோக்கம் நன்னோக்கமே என்பதில் எமக்கு ஐயமில்லை. மண்ணைப் பிசைந்த கையால் எழுதுகோலையும் பிடிக்கச் செய்ய வேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்கு உண்டு. அது நம் அனைவர்க்கும் உண்டு. ஆயினும், அத்தீர்மானத்தின்மேல் நாம் கை தூக்குவதற்கு முன்னே, சிறுவர் கல்வியின் பொருட்டு அரசாங்கத்தார் இந்நாள்வரை என்னென்ன செய்திருக்கின்றனர், அவற்றுள் நாம் பெற்றுக்கொண்டது எவ்வளவு, வாயிலண்டை வந்ததை அறியாமல் திருப்பியனுப்பியது எவ்வளவு என்று ஒரு முறை கணக்குப் பார்த்துக்கொள்வது தகுதியாகும். அக்கணக்கைப் பார்த்த பின், தீர்மானத்திற்கு ஒரு திருத்தம் கூற விரும்புகின்றோம்.

பழைய செய்தியிலிருந்து தொடங்குவோம். சென்னை நகரசபையின் தலைவராகப் பிட்டி தியாகராய செட்டியார் இருந்த 1920-ஆம் ஆண்டிலே, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியின் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்கலாம் என்றும், தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்றும் நகரசபையார் தீர்மானித்தனர். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாரான். வந்தாலும் பாடம் ஏறாது என்னும் எளிய உண்மையை ஓர் ஆட்சி மன்றம் ஏட்டில் எழுதி ஒப்புக்கொண்டது அன்றுதான். அவ்வேற்பாடு நெடுநாள் நிற்கவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று மேலதிகாரிகள் தடுத்தமையால் 1925-இல் நின்றது. பின்னர்ச் சுருங்கிய அளவிற் புத்துயிர் பெற்றது. ஓரணாச் செலவுக்குக்கூட இத்தனை இடர் இருந்தது என்பதை நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம்.

இனி 1953-ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். அது நம்மைப் போன்ற கைத்தொழிற் குலத்தார்க்கு மறக்கத்தகாத ஆண்டு. அப்போது சென்னை இராஜ்யத்தின் முதல் மந்திரியாயிருந்த இராஜாஜி அவர்கள் கிராமப்புறத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதுமுறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம் நடத்துவது. எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் தகப்பனுடன் இருந்து அவன் செய்யும் தொழிலைப் பழகுவது என்பது அம்முறை. அதற்குக் காரணம் சொல்லாமலில்லை. பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் பலர். இருந்த உபாத்தியாயர்களும் பணமும் சொற்பம். ஒரே உபாத்தியாயரைக் கொண்டு இரட்டிப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதுவே வழி என்றனர். எதிர்த்தவர்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்தனர். அப்பெயரே நிலைத்தும் விட்டது.

அத்திட்டம் நின்றிருப்பின் நம் வீட்டிலே என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளை பிற்பகலில் தகப்பனாரின் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். நம் வீட்டுப் பிள்ளை மண் மிதித்துக்கொண்டிருப்பான். இருவரும் தகப்பன் தொழிலையே பழகுகின்றனர் என்று ஏட்டிலே எழுதிவிடலாம். மண் மிதிப்பது இழிவென்று நாம் சொல்ல வரவில்லை. திரிகை முன் அமர்ந்து ஒரு பிடி மண்ணைப் பானையாக எழுப்பும் கைத்திறத்திற்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. ஆனால், அத்திறத்தை ஏற்பதா, வேறொன்றை ஏற்பதா என்று தேர்ந்தெடுக்கும் பருவம் ஏழு வயதன்று. ஏழு வயதிலேயே அதனைப் பிறர் தேர்ந்துகொடுப்பின் அதற்குப் பெயர் தொழிற்கல்வியன்று. 1954-இல் இராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதல் மந்திரியானார். அவ்வாண்டிலேயே அம்முறை கைவிடப்பட்டது.

அதன்பின் நடந்தவை நம்முள் முதியோர் பலரும் கண்ணாரக் கண்டவை. ஒரு மைல் தூரத்திற்குள் ஓர் ஆரம்பப் பள்ளி என்னும் நோக்கங்கொண்டு பாடசாலையில்லாச் சிற்றூர்களிலெல்லாம் பாடசாலை திறக்கப்பட்டது. 1956 முதல் பகலுணவு பரவிற்று. முதலில் ஊரார் கொடையாக அரிசியும் பருப்பும் சேர்ந்தன. பின்னர் அரசாங்கம் செலவிற் பெரும்பகுதியை ஏற்றது. கல்வித் துறையின் தலைமை ஏற்றிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958-இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடத்தி, ஊரார் மனமுவந்து நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுக்கும்படி செய்தார். 1960-களின் முற்பகுதிக்குள் பள்ளியிறுதி வகுப்புவரை சம்பளமில்லாக் கல்வி வந்தது. 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2022 செப்டம்பர் மாதம் 15-ந் தேதி மதுரையில் காலையுணவும் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகள், மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் 31,008 பள்ளிகள் என்று அது விரிந்தது. கட்சிகள் மாறின, மந்திரிகள் மாறினர். ஒருவர் தொடங்கியதை மற்றவர் பெரும்பாலும் அழிக்கவில்லை, கூட்டவே செய்தனர். இது நம் நாட்டு அரசியலில் அரிதாகக் கிடைக்கும் நற்செய்திகளில் ஒன்று. யாரைப் புகழ்வது என்னும் சண்டையை வேறு மேடைகளுக்கு விட்டுவிடுவோம்.

சோறு போடுவது பள்ளியின் வாயில்வரை பிள்ளையைக் கொண்டுவரும். உள்ளே நுழைந்த பிள்ளை மேற்படிப்புவரை செல்வதற்கு வேறு உதவிகள் வேண்டும். அவ்வுதவிகள் அண்மை ஆண்டுகளிற் பலவாய் வந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றிற்கும் ஒரு பொது நிபந்தனை உண்டு. அதனை நம்மவரிற் பலர் அறியார் என்பதே இன்று நாம் முக்கியமாகச் சொல்ல எழுந்தது.

வைத்தியக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். நீட் என்னும் நுழைவுப் பரீட்சை வந்தபின் அரசுப் பள்ளியிற் படித்து வைத்தியக் கல்லூரி சேர்ந்த பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிற் குறைந்தனர். தனிப் பயிற்சிக்குப் பணமில்லாதவர் வாயிலிலேயே நின்றனர். நீதிபதி கலையரசன் அவர்கள் தலைமையில் அமைந்த குழு இதனை ஆராய்ந்து கூறிய பின், 2020-ஆம் ஆண்டிற் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அரசு ஒதுக்கீட்டு இடங்களில் நூற்றுக்கு 7.5 பங்கு, அரசுப் பள்ளியிற் படித்தவர்க்கென முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. அவ்வொரே ஆண்டில் ஏறக்குறைய 400 பிள்ளைகள் வைத்தியமும் பல் வைத்தியமும் பயில இடம் பெற்றனர். 2021-இல் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றிற்கும் அத்தகைய ஒதுக்கீடு விரிக்கப்பட்டது. அவ்வழி சேர்வோரின் கல்விச் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உயர்நீதிமன்றமும் அவ்வொதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதற்குரிய நிபந்தனை யாது? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஏழாண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அடங்கும். உதவிபெறும் தனியார் பள்ளி இதில் அடங்காது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை இலவசமாகப் படித்து, பிறகு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் விலக்குண்டு. மற்றப்படி ஓராண்டு இடையிற் குறைந்தாலும் உரிமை போயிற்று.

அதே நிபந்தனையின்மேல் நிற்பவை இன்னும் சில. 2022 செப்டம்பர் மாதம் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிற் படித்த பெண், கல்லூரியிற் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் உதவி. மூன்றாண்டுப் பட்டப்படிப்பாயின் 36,000, நான்காண்டாயின் 48,000. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரால் 2024 ஆகஸ்டு மாதத்தில் அதே உதவி வந்தது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களையும் 2024-இற் சேர்த்தனர். எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் தகுதிப் பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்துக்கு மேற்படாதிருந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உபகாரச் சம்பளம். இதற்கு உதவிபெறும் பள்ளியும் ஆகும், ஆனால் நடுவே கட்டணத் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். அரசுப் பணிகளிலே தமிழ்வழிக் கற்றோர்க்கு நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமை என்று 2010-இல் ஒரு சட்டம் வந்தது. 2020-இல் அதனைத் திருத்தி, பட்டப்படிப்பில் மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பு முழுவதிலும் தமிழ்வழியே கற்றிருக்க வேண்டும் என்று இறுக்கினர்.

இப்பொழுது நம் குலத்தில் வழக்கமாக நடப்பதைச் சொல்லுவோம். பிள்ளை எட்டாம் வகுப்புவரை ஊர்ப்பள்ளியிற் படிக்கிறது. நன்றாகப் படிக்கிறது என்று உபாத்தியாயரும் சொல்கிறார். உடனே தகப்பனார் மகிழ்ந்து, "இவ்வளவு புத்தியுள்ள பிள்ளையை இந்தப் பள்ளியிலா வைத்திருப்பது?" என்று நகையை அடகு வைத்துப் பக்கத்து நகரத்துத் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற் சேர்க்கிறார். புத்தி குறைந்த பிள்ளையென்று எண்ணப்பட்டது ஊர்ப்பள்ளியிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் இருவரும் விண்ணப்பம் எழுதும்போதுதான் தகப்பனாருக்கு விஷயம் விளங்குகிறது: எந்தப் பிள்ளைக்கு வாயில் திறந்திருக்க வேண்டுமோ அந்தப் பிள்ளைக்கு அது அடைபட்டிருக்கிறது; அடைத்தவர் அதன்மேல் அன்பு மிகுந்த தகப்பனாரே. கடனுக்குக் கடனும் ஆயிற்று. அரசாங்கத்தார் இந்நிபந்தனைகளை மறைத்து வைக்கவில்லை. ஆயினும், அவற்றை நம் தெருவுக்கு வந்து படித்துச் சொல்லுவார் எவருமில்லை. சங்கம் ஒன்று இருப்பது பின் எதற்கு?

சங்கத்தின் பெயரால் தனியார் பள்ளி தொடங்குவோமாயின், இதே தவற்றை ஒரு வீட்டுக்கல்ல, நூறு வீடுகளுக்கு நாமே செய்து கொடுத்தவராவோம். நம் பள்ளியிற் படித்த காரணத்தாலேயே நம் பிள்ளைகள் 7.5 பங்கையும் மாதம் ஆயிரத்தையும் இழப்பர். பள்ளி நடத்துவதோ எளிதன்று. நிலம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, அங்கீகாரம், ஆண்டுதோறும் உபாத்தியாயர் சம்பளம் என்று அது தின்னும் பணத்திற்கு முடிவில்லை. கட்டணம் வாங்காமல் நடத்த இயலாது. வாங்கினாலோ திரிகையை நம்பிய குடும்பம் கட்ட இயலாது. முடிவில், நம் குலத்திலேயே வசதியுள்ள சில குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அனைவரின் சந்தாப்பணத்தால் பள்ளி நடத்துவதாய் முடியும்.

அன்பர்கள் எதிர்க்கேள்வி கேட்பர் என்று அறிவோம். "அரசுப் பள்ளியிலே ஆங்கிலம் உண்டா?" என்பது ஒன்று. 2012-13 முதல் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. அதுவன்றி, ஆங்கிலவழியிற் படிப்பது வேறு, ஆங்கிலம் நன்றாகப் படிப்பது வேறு. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு நல்ல உபாத்தியாயர் ஒருவரும் மாலையில் இரண்டு மணி நேரமும் போதும்.

"அரசுப் பள்ளியிற் படிப்பு நன்றாயில்லை, ஐந்து வகுப்புக்கு இரண்டே உபாத்தியாயர்" என்பது மற்றொன்று. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு உபாத்தியாயர் என்னும் கணக்கு எங்கிருந்து வருகிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இருவர். அறுபத்தொன்று முதல் தொண்ணூறுவரை மூவர். அதற்குமேல் நூற்றிருபதுவரை நால்வர் என்றிருக்கிறது. ஊரில் வசதியுள்ள இருபது வீட்டார் தம் பிள்ளைகளை வேனில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பத் தொடங்கியவுடன், எழுபது பிள்ளைகளிருந்த பள்ளியில் ஐம்பது பிள்ளைகளாகின்றனர். மூவராயிருந்த உபாத்தியாயர்களில் ஒருவர் பணிநிரவல் என்று வேறிடம் போகிறார். இருவரே இருக்கின்றனர் என்று சொல்லி மேலும் பத்துப்பேர் வெளியேறுகின்றனர். பத்தாண்டிற் பள்ளி பூட்டப்படுகிறது. பூட்டியவர் அரசாங்கத்தாராயினும், பூட்டைக் கையிற் கொடுத்தவர்களில் நாமும் உண்டு.

எழுத்தும் எண்ணும் கற்பிப்பதில் குறை நேர்ந்திருக்கிறது என்பதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபின் பிள்ளைகள் பலர் கற்றதையும் மறந்தனர். அதனைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று மாலை வகுப்புகளைத் தொண்டர்களைக் கொண்டு நடத்தினர். 2022 ஜூன் மாதத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்னும் முறையைத் தொடங்கினர். இவற்றால் விளைந்த நன்மை ஊருக்கு ஊர் வேறுபட்டது. உபாத்தியாயரும் பெற்றோரும் ஒன்றிநின்ற ஊரில் பலித்தது. ஏடு மட்டும் நிரப்பிய ஊரிற் பலிக்கவில்லை.

இனி நம் சொந்த வீட்டுக் குறையொன்றைச் சொல்லாதிருத்தல் நியாயமன்று. நம் தொழிலின் பருவங்களைப் பள்ளிக்கூடப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆவணியில் விநாயக சதுர்த்திக்குப் பிள்ளையார் பொம்மை. புரட்டாசியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை. காலாண்டுப் பரீட்சை வருவதும் செப்டம்பர் மாதமே. கார்த்திகைத் தீபத்துக்கு அகல்; தை பிறக்குமுன் பொங்கற்பானை. அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில். மழைக்காலம் முழுதும் காயவைக்க வெயிலின்றித் தவித்து, வெயில் கண்ட நான்கு நாளில் வீட்டிலுள்ள கைகளெல்லாம் கூடினாலன்றி வேலை முடியாது. அப்போது பிள்ளையும் ஒரு கை. அகல் எண்ணி அடுக்கவும், பொம்மைக்கு வண்ணம் பூசவும், சூளைக்கு விறகு எடுத்துத் தரவும் பிள்ளை வீட்டில் நிற்கிறது. வருஷம் முழுதும் ஒழுங்காய்ச் சென்ற பிள்ளை, பரீட்சை வாரத்தில் இல்லை. உபாத்தியாயர் சோம்பேறி என்று எழுதிவிடுகிறார்.

2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. சொந்தக் குடும்பத் தொழிலில் மட்டும், பள்ளி நேரம் கழிந்தும் விடுமுறையிலும், படிப்புக்குக் கேடு வாராதபடி உதவலாம் என்று விட்டிருக்கிறது. அபாயமானவை என்று அட்டவணையில் ஏற்றிய வேலைகளுக்கு அவ்விடுதலையும் இல்லை. இவ்விலக்கைப் பலர் கண்டித்தனர்; வீட்டுக்குள் நடப்பதை எவர் பார்ப்பார் என்றனர். கண்டித்தவர்க்கு விடையிறுக்க வேண்டிய பொறுப்பு நம்மைப் போன்றவர்க்கே உண்டு. மாலையில் ஒரு மணி நேரம் தகப்பனாரோடு அமர்ந்து மண்ணின் பதம் அறிவது பிள்ளைக்கு நன்மை. பரீட்சை நாளிற் சூளையருகே நிற்பது பிள்ளைக்குக் கேடு. இரண்டுக்கும் வேறுபாடு அறியாதவர் நம்முள் எவருமில்லை. அவசரத்தில் அறியாதவர்போல் நடக்கிறோம், அவ்வளவே. எத்தனை உபகாரச் சம்பளம் வந்தாலும் பரீட்சை எழுதாத பிள்ளைக்கு அது எட்டாது. வேலை மிகும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் கூலியாள் வைத்துக்கொள்ள ஏழைக் குடும்பத்துக்குச் சங்கம் சிறு கடன் கொடுக்குமாயின், ஒரு பள்ளி கட்டுவதைவிட மேலான கல்விக் கைங்கரியம் அதுவாகும்.

இவ்விடத்தில், தொழிலுதவித் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2023 செப்டம்பர் மாதத்தில் ஒன்றிய அரசாங்கத்தார் விஸ்வகர்மா என்னும் பெயரால் பதினெட்டுக் கைத்தொழில்களுக்கு உதவித் திட்டம் தொடங்கினர். மட்பாண்டத் தொழிலும் அவற்றுள் ஒன்று. பரம்பரைக் குடும்பத் தொழில் செய்வோர், பதினெட்டு வயது நிரம்பியோர் என்னும் விதிகளை வைத்தனர். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-இல் அதனை அவ்வாறே ஏற்கலாகாது என்று எழுதிற்று. பரம்பரை என்னும் விதியை நீக்குக, குறைந்த வயதை முப்பத்தைந்தாக உயர்த்துக என்று கேட்டது. அது நடவாமையால் 2025 ஏப்ரலில் இருபத்தைந்து தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே தொடங்கி, வயதை முப்பத்தைந்து என்று வைத்தது. நம்மவருள் இதுபற்றி இருவேறு கருத்துண்டு. கருவி வாங்கவும் கடன் பெறவும் வந்த வாய்ப்பைத் தள்ளுவதா என்று வருந்தினோர் உண்டு. இருபத்தைந்து வயதில் திரிகையையே நம்பி நிற்கும் இளைஞர் ஏன் முப்பத்தைந்துவரை காத்திருக்க வேண்டும் என்னும் கேள்விக்கும் நியாயம் உண்டு. ஆயினும், பதினெட்டு வயது என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாயிலில் நிற்கும் வயது. அந்த வேளையில் ஒரு கையிற் கடன்பத்திரத்தையும் மறுகையிற் கல்லூரி விண்ணப்பத்தையும் நீட்டினால், வறுமையிலுள்ள வீடு எதை வாங்கும் என்பது நமக்குத் தெரியும். 1953-இல் எழுந்த பழைய வழக்கே வேறு உடையில் வந்தது என்று சிலர் கருதியதற்குக் காரணம் இதுவே. வயதைப் பற்றிய வழக்கில் நாம் மாநில அரசின் பக்கமே சாய்கிறோம்.

மண் எடுக்கும் அனுமதி, மழைக்கால நிவாரணம் ஆகியவற்றைப் பற்றி நம் கூட்டங்களில் மணிக்கணக்காய்ப் பேசுகிறோம், பேச வேண்டியதே. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றிருப்பதைப் பற்றி நம் கூட்டங்களில் ஒருநாளும் பேசியதில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அக்குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் அவர் தொகைக்கேற்ப இடம். பள்ளியின் நடப்பைக் கவனிப்பது, மேம்பாட்டுத் திட்டம் வகுப்பது, வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பது அதன் கடமை. உபாத்தியாயர் வரவில்லை, கழிப்பிடத்தில் நீரில்லை, கூரை ஒழுகுகிறது என்று தெருவில் நின்று சொல்வதைவிட, அக்குழுவில் உட்கார்ந்து தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினால் விடை வரும். தெருவிற் பேசியதற்கு எந்த அதிகாரியும் விடை எழுதமாட்டார். முன்னாளிற் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் பெஞ்சு கொடுத்த ஊர்ப் பெரியவர்களின் இடத்தை இன்று சட்டமே தாய்மார்களுக்குக் கொடுத்திருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுள் எத்தனை பேர் அதில் உறுப்பினர் என்று கேட்டால் கை எழுமா என்று தெரியவில்லை. அடுத்த முறை குழு அமைக்கும் கூட்டத்துக்கு, அன்றைய வேலையை அரைநாள் நிறுத்திவிட்டுச் செல்லுங்கள்.

ஆதலால், நாம் முன்மொழியும் திருத்தம் இது. தனியார் பள்ளி தொடங்குவது என்னும் சொற்களை நீக்குக. கட்டட நிதியின் முதலைத் தொடாமல், அதன் வட்டியைக் கொண்டு, சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பிடம் ஒன்று நடத்துக. ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க நம் குலத்துப் பட்டதாரிகள் இருவர்க்குச் சிறு ஊதியம் கொடுத்து அமர்த்துக. வேலை மிகும் பருவங்களில் வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு சிறு தொகையைத் தனியே வைக்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் எழுதி வாங்கிக் கொடுக்க, கிளைக்கு ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குக. திட்ட விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவன; அவ்விளைஞர் ஒவ்வொரு மே மாதமும் புது விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து இப்பத்திரிகைக்கு எழுதியனுப்புக.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை எழுதுவதற்கு வாயிலண்டை ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிற் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யுமுன், அப்புத்தகத்திலே பெயரும் ஊரும் எழுதிச் செல்லும்படி பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பள்ளிச் சேர்க்கை முடிவதற்குள் கிளைப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்துக் காட்டுவார். திருத்தத்தை அக்கிராசனர் அவர்களிடம் எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறோம். வழிமொழிய விரும்புவோர் எழுந்து தம் பெயரைக் கூறலாம்.